இரண்டு மணி நேரத் தாமதம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் வாயாடியும் நலமா என்று முறைப்படி கேட்டாகிவிட்டது. இனி முறையில்லாமல் கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் கால் காலாத்தான் இருக்கு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. நான் திட்டி முடிக்கிறவரை உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ சொல்லச் சொல்ல உன் வாயாடி மகள் எழுதிய பதில் வந்தது. இடையில் அவள் சொந்தச் சரக்கும் கலந்திருக்கிறது. அப்பா டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கத்தியே புது டிரைவிங் மாஸ்டரை நடுங்க வைக்கிறார், ஓட்டப் படிக்க வந்தவரைவிட மாஸ்டருக்குத்தான் அதிகம் வியர்க்கிறது என்று எழுதியிருக்கிறாள். பதினாறு வயதுக்கு இந்த வாய் அதிகம். யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மாஸ்டருக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்து ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. அந்தக் கால் சொன்னபடி கேட்காததால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய். கத்தாமல் என்ன செய்வாய், கத்து.

இப்போது என் புலம்பல். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அந்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக வேறு வேலையே ஓடவில்லை. உன் காலைப் பிடித்திருக்கும் இந்த நரம்பு நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் கொடுப்பவர்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஒருவர் புத்தம்புதிய யோசனையாக இருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஏற்கனவே நிரூபித்த யோசனையாக இருந்தால் பரிசீலிப்போம் என்கிறார். நிரூபிக்கத்தானே ஐயா பணம் கேட்கிறேன் என்றால் அதற்கு விண்ணப்பத்தில் இடம் இல்லை. பொதுவான மருத்துவ நிதிக்குப் போனால் இது அபூர்வமான நோய், கொஞ்சம் பேருக்குத்தான் வருகிறது என்கிறார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன் என் அண்ணன் என்று எழுதலாமா என்று கை பரபரத்தது.

விருதுகள் கதை இன்னும் மோசம். இளம் ஆராய்ச்சியாளர் விருது என்று ஒன்று இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குள் வேண்டுமாம். எனக்கு நாற்பத்தொன்று. வாழ்நாள் சாதனை விருது என்று இன்னொன்று. அதற்கு அறுபதைத் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று எங்கோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது இந்த ஒரு ஃபெல்லோஷிப்தான். டாக்டர் பட்டம் வாங்கிப் பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு. எனக்கு இந்த அக்டோபரோடு பத்து முடிகிறது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட மூன்று வருஷத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். 'இடைவெளிக்குக் காரணம்' என்ற கட்டத்தைத் திறந்தால் பிரசவம் இருக்கிறது, சொந்த நோய் இருக்கிறது, ராணுவ சேவைகூட இருக்கிறது. அம்மா இல்லை. உதவி எண்ணில் ஒரு பெண் ரொம்பப் பொறுமையாக 'மற்றவை' போட்டு முப்பது சொல்லுக்குள் எழுதுங்க மேடம் என்றாள். எழுதினேன். நான்தான் முழுநேரமும் பார்த்துக்கொண்டேன் என்பதற்குச் சான்றிதழ் இல்லாததால் ஏற்க முடியாது என்று பதில் வந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதற்கு எந்த ஆபீசில் போய் முத்திரை வாங்குவது? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கணினி பிழைத்ததே பெரிது.

ஆகவே இதுதான் முதலும் கடைசியுமான வாய்ப்பு. கிடைத்தால் ஐந்து வருஷம் நிம்மதியாக வேலை. கிடைக்காவிட்டால் டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஃப்ரீசரில் இருக்கும் நூற்றுப் பதினெட்டுப் பேருடைய ரத்தமும் வேறு யாருக்காவது போய்விடும். நான் ஏதாவது மருந்துக் கம்பெனியில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்த வேண்டியதுதான்.

அந்த நூற்றுப் பதினெட்டில் நீயும் ஒருவன். எந்த எண் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பெயர்ப் பட்டியல் நர்ஸின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அளந்து பார்ப்பவளுக்கு ஆள் யார் என்று தெரிந்தால் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும், அதனால் இந்த ஏற்பாடு. நீ நவம்பரில் வந்து கொடுத்துவிட்டுப் போன நாளை எங்கள் டெக்னீஷியன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். ரத்தத்தைச் சுழற்றும் மிஷினின் மூடி திறக்காமல் இரண்டு மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோமே, அப்போது நீ நர்ஸின் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு, பழைய வண்டி மாதிரி பக்கவாட்டில் ஒரு உதை விடுங்க என்று யோசனை சொன்னாயாம். கடைசியில் அப்படித்தான் திறந்தது என்று அவர் சத்தியம் செய்கிறார்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பக்கம், சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். நோயாளிகளே படித்து மதிப்பெண் போடுவார்கள். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நரம்பு உடையும்போது அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசிகிறது. அதிகம் கசிந்தால் நோய் வேகமாகப் போகிறது. முன்கூட்டியே வேகம் தெரிந்தால் புது மருந்தைச் சரியான ஆட்களிடம் சோதிக்கலாம். இதுவரை வேகமானவரையும் மெதுவானவரையும் ஒன்றாகக் கலந்து சோதித்ததில் நல்ல மருந்தையே குப்பையில் போட்டிருப்போமோ என்று எனக்குப் பயம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் எழுதினால் எனக்கே புரியவில்லை. கிளட்ச் தெரியாதவனுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்த வாய் உன்னுடையது. திருத்தி அனுப்பு.

ஃபெல்லோஷிப் ஐந்து வருஷம் என்றதும், சரி, அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கிறேன், நீ மெதுவாவே கண்டுபிடி என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். வாயாடி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். நல்லது. பேச்சு மாறக் கூடாது.

அண்ணிக்கு என் அன்பு. மாடிப்படியில் கைப்பிடி வைக்கச் சொன்னது நினைவிருக்கட்டும்.

கோபத்தோடும் அதைவிட அதிகமான அன்போடும்,
உன் தங்கை.


மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் செய்தி. கிடைத்துவிட்டது! காலையில் மின்னஞ்சல் வந்தது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற வரியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, உங்க பேர்தான் மேடம், எழுத்துப்பிழைகூட இல்ல என்றார். அதன் பிறகுதான் நம்பினேன்.

உனக்குப் போனில் செய்தியைச் சொன்னேன். உடனே அண்ணி போனை வாங்கி, அவர் கண்ணைத் துடைச்சிட்டிருக்கார், அப்புறம் பேசுவார் என்றார். நீ அழுததை இப்படிக் காட்டிக்கொடுத்ததற்காக அண்ணியைத் திட்டாதே.

இத்தனை நல்ல செய்திக்குப் பிறகும் புலம்ப எனக்கு நிறைய இருக்கிறது. நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்க ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் விண்ணப்பத்தையே திறக்கவில்லை, முதல் பக்கம் அப்படியே மொடமொடவென்று இருந்தது. இன்னொருவர் இதை எலியில் செய்தால் என்ன என்று கேட்டார். எலியில் பன்னிரண்டு வருஷமாகச் செய்து என்ன ஆயிற்று என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல கேள்வி என்றேன். மூன்றாமவர் நடுவில் மூன்று வருஷம் ஒன்றும் எழுதி வெளியிடவில்லையே, ஆர்வம் குறைந்துவிட்டதா என்றார். அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ!

ஒழுங்கான கேள்வி ஒன்றே ஒன்று வந்தது. அது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மாவிடமிருந்து. அவருக்கும் இதே நோய். பேச்சு போய்விட்டது. கண்ணால் எழுத்தைப் பார்த்தால் கணினி பேசுகிறது, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். உங்கள் பரிசோதனையில் என் வேகம் தெரிந்தால் என்னிடம் சொல்வீர்களா என்று கேட்டார். கேட்டால் சொல்வேன் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு, சொல்வது சுலபம் இல்லை என்று கணினியைச் சொல்ல வைத்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டவரும் அவர்தான்.

அந்தப் பெருமை உனக்கு. 'சரிவில் வண்டி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று முள் காட்டினால்தான் எப்போது பிரேக் போடுவது என்று தெரியும்' என்று நீ சேர்த்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசினார்கள். யாருடைய யோசனை என்று கேட்டதற்கு, ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி என்றேன். ரொம்பத் தலைக்கேற்றிக்கொள்ளாதே. இரண்டு இடத்தில் நீ போட்ட ஆச்சரியக்குறியை நான்தான் எடுத்தேன்.

இதே வாரத்தில் எங்கள் துறைத் தலைவருக்கு அந்த வாழ்நாள் சாதனை விருது. பகல் விருந்தோடு விழா. அவர் காட்டிய பதினாறு படங்களில் ஏழு நான் வரைந்தவை. கடைசியில் நன்றி சொன்னார், மனைவிக்கு, ஆசிரியர்களுக்கு, 'என் ஆய்வகத்துப் பிள்ளைகளுக்கு'. பிள்ளையாம்! பிள்ளைக்குக் காதோரம் நரைத்து நாலு வருஷம் ஆகிறது. பூச்செண்டையும் பட்டயத்தையும் அவர் போட்டோவுக்கு நிற்கும்வரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டயம் நல்ல கனம். கை வலித்தது. அவர் கெட்டவர் இல்லை அண்ணா, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்.

இனி நிபந்தனைகள். மூன்று மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும், இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கு முன் இதுவரை அளந்ததையெல்லாம் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். எங்கள் புள்ளியியல்காரர் இரண்டு வாரம் விடுப்பில் போகிறார், வேண்டுமென்றே இப்போதுதான் போவார். நானே பாதியைச் செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நீ டிரைவிங் ஸ்கூலை யாரிடமாவது ஒப்படைப்பது பற்றி அண்ணி கேட்டாராம். அதெல்லாம் ரெண்டு வருஷம் போகட்டும், இவளுக்குப் பதினெட்டு ஆகட்டும், நானே கூட உட்கார்ந்து ஓட்டக் கத்துக்குடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொடுத்துட்டு அப்புறம் பாக்கலாம் என்றாயாம். சரி சரி. இந்த வாரம் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனநிலையில் இருக்கிறேன்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று ஒரு வரி தனியாக எழுத வேண்டும் போல இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் தங்கை.


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நீயே படி. வாயாடியிடம் கொடுக்காதே. படித்த பிறகு அண்ணியிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

மூன்று வாரமாக உன் போனை எடுக்கவில்லை. அண்ணியின் போனையும் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று அனுப்பிய ஒற்றை வரிகளை நீ நம்பியிருக்க மாட்டாய். வேலை ஒன்றும் இல்லை. ஃபெல்லோஷிப் போய்விட்டது.

யாரும் பிடுங்கவில்லை. நானே கொடுத்துவிட்டேன் என்று சொல்வதும் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். தப்பு என்னுடையது, அதில் மழுப்ப எனக்கு ஒன்றும் இல்லை.

சரிபார்ப்புக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். விதிப்படி கையாளாத ரத்த மாதிரிகள் ஏதாவது இருந்தால் காரணத்தோடு குறிப்பிட வேண்டும். ஒவ்வொருவரிடமும் ரத்தம் எடுத்த அன்று டெக்னீஷியன் 'குறிப்பு' என்ற பத்தியில் ஏதாவது எழுதிவைப்பார். அந்தத் தாளை அளப்பவள் பார்க்கக் கூடாது, புள்ளியியல்காரர்தான் பார்க்க வேண்டும். விதியை எழுதியவளே நான்தான். அவரோ விடுப்பில். எனக்கோ ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கும் அவசரம். இரண்டு நிமிஷ வேலைதானே என்று திறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் இந்த வேலையில் இருப்பவள் செய்கிற காரியமா? அத்தனை தடவை பிறருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

நூற்றுப் பதினெட்டு வரியில் ஒரே ஒரு வரியில்தான் குறிப்பு இருந்தது. இரண்டு மணி நேரத் தாமதம் என்று போட்டிருந்தது. எண் பக்கத்திலேயே இருந்தது. அந்த எண்ணின் அளவு எனக்கு மனப்பாடம், ஏனென்றால் மாதக்கணக்காக இந்த அளவுகளை வைத்துத்தான் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நாளும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவ்வளவுதான். அது யாருடையது என்று என்னைக் கேட்காதே. கேட்டால் பொய் சொல்வேன், நான் பொய் சொல்வது உனக்குத் தெரிந்துவிடும், இரண்டு பேருக்கும் சங்கடம்.

அதன் பிறகு நான் செய்ததைக் கேள். தாமதமான மாதிரி என்றால் அதை நீக்கிவிட எனக்கு நியாயமான காரணம் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்ற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீக்கினால் அது இல்லாமலே போய்விடும் என்று மண்டைக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. படித்த முட்டாள் என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு யோசனை வந்தது. ஒருவேளை தாமதமானதால்தான் அளவு அப்படிக் காட்டுகிறதோ? டெக்னீஷியனைக் கூப்பிட்டு என் கையிலிருந்தே ஆறு குழாய் ரத்தம் எடுக்கச் சொன்னேன். மூன்றை உடனே சுழற்றினோம். மூன்றை ஐஸில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுச் சுழற்றினோம். அந்த இரண்டு மணி நேரமும் நான் ஜன்னல் பக்கம் நின்று வண்டி நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறும் ஒரே அளவு. தாமதத்தால் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. நல்ல செய்திதானே மேடம், சாம்பிள் கெட்டுப்போகலையே என்றார் டெக்னீஷியன். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் காலையில் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். அளந்தவளுக்கு ஒரு மாதிரி யாருடையது என்று தெரிந்துவிட்டது, அந்த நபர் தெரிந்தவர் என்று. துறைத் தலைவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, யாரும்மா பாக்கப்போறாங்க, பேசாம விட்டிருக்கலாமே என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். நான் சொல்லாமல் விட்டிருந்தால், நாளைக்கு இதை யாராவது கண்டுபிடித்தால், நூற்றுப் பதினெட்டுப் பேர் ஊசி குத்திக்கொண்டது வீணாகிவிடும். அவர்களில் முப்பத்தொரு பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் திரும்ப வந்து ரத்தம் கொடுக்க முடியாது. இதை அவரிடம் சத்தமாகவே சொன்னேன். வெளியே நர்ஸுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

குழு ஆறு மாதம் விசாரிக்கும். அதுவரை நான் அந்த அளவுகளைத் தொடக் கூடாது. ஃபெல்லோஷிப்காரர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். தள்ளி வைக்க முடியுமா என்று நான்கு பக்கம் எழுதிக் கேட்டேன். விதிகளில் இடமில்லை, உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று இரண்டு வரியில் பதில். பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர் மீனில் ஏதோ செய்கிறாராம். அக்டோபர் வந்தால் எனக்குப் பத்து வருஷம் முடிந்துவிடும். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடக்கூட வழி இல்லை. மாதிரிகள் பத்திரமாக இன்னொரு குழுவுக்குப் போகின்றன. அவர்கள் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். முடிவு என்றாவது வெளிவரும், அதில் என் பெயர் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். எனக்கு வயிறு எரிகிறது அண்ணா. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. என் மேல் பட்டுப் பட்டு அலுத்துவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு எண் ஒரு மனிதரின் தலையெழுத்து இல்லை. அது நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதோ சொல்லும். தனி ஆளுக்குத் தப்பாகப் போவதும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்று வாரமாக எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். நேர்காணலில் அந்த அம்மாவிடம் கேட்டால் சொல்வேன் என்று சொன்னேனே, அவர் சொன்னதுதான் சரி.

இனி என்னைத் திட்டாமல் கேள். லீவு எனக்கு இப்போது ஏகப்பட்டது இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். எதற்கு இவ்வளவு நாள் என்று அண்ணி கேட்டால் ஃபெல்லோஷிப் போன சோகத்தில் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடு. அது பொய்யும் இல்லை. டிரைவிங் ஸ்கூலை ஒப்படைப்பது பற்றி உட்கார்ந்து பேசலாம். ரெண்டு வருஷம் போகட்டும் என்று ஆரம்பிக்காதே. இந்த மாதமே பேசலாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நல்லவள். அவளிடம் யாருக்கென்று சொல்லாமல் விசாரித்தேன். ஒருவர் தன் குரலிலேயே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு எப்போதாவது தேவைப்பட்டால் கணினி அதே குரலில் பேசுமாம். குரல் நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்றாள். உனக்குக் கால்தானே, வாய்க்கு என்ன வந்தது, டாக்டரே அது கடைசியில்தான் என்றாரே என்பாய். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் சப்பென்று இருக்கின்றன. இன்று வானிலை நன்றாக உள்ளது, தயவுசெய்து கதவைச் சாத்தவும் என்று. நீ ஜென்மத்தில் தயவுசெய்து என்று சொன்னதில்லை. அதனால் உனக்கு வேறு பாடம். வாயாடிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடு. காரில் ஏற்ற வேண்டாம், அவளுக்கு வயது வரவில்லை. போனை முன்னால் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்து சீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசு. சீட்டை எப்படிச் சரிசெய்ய வேண்டும், கண்ணாடியில் என்ன தெரிய வேண்டும், கிளட்சை எவ்வளவு மெதுவாக விட வேண்டும், லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தால் ஏன் பதறக் கூடாது, எல்லாம். திட்ட வேண்டிய இடத்தில் நன்றாகத் திட்டு. சரியாகச் செய்திருப்பாள் என்று தோன்றும் இடத்தில் அதையும் சொல், அதை நீ யாரிடமும் சொல்வதில்லை. ஒரு பாடத்தையும் விட்டுவிடாதே. அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது போட்டுக் கேட்டுக்கொள்வாள்.

நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே முதல் பாடத்தைப் பேசிவிடு. என்றைக்கும் நீ சொன்னதை நான் கேட்டதில்லை, நான் சொன்னதை நீ கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேள் அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கை.